புகை கண்ட இடத்தே நெருப்பு

மலையிலே புகை எழுகின்றது. கீழே வயலில் நிற்பவன் நிமிர்ந்து பார்த்து, “அங்கே நெருப்புப் பற்றிவிட்டது” என்கின்றான். அவன் கண்டது புகையை, சொன்னது நெருப்பை. கண்டதிலிருந்து காணாததற்கு அவன் ஒரு பாய்ச்சல் பாய்ந்துவிட்டான். அவ்வாறு பாய்ந்ததை அவன் உணரவுமில்லை. அருகே நின்றவன் அதனை மறுக்கவுமில்லை. இருவரும் நீர் நிறைந்த வாளிகளுடன் மலையை நோக்கி ஓடுகின்றார்கள்.

உற்று நோக்கின், மனித வாழ்க்கையின் பெரும்பகுதி இத்தகைய பாய்ச்சல்களாலேயே நடைபெறுகின்றது. மாரிக்கு முன் விதைக்கின்ற உழவன் மழையைக் கண்டு விதைக்கவில்லை. வரும் என்று கருதி விதைக்கின்றான். நோயாளி மருந்தை விழுங்குவது, அது பிறருக்குச் சுகம் தந்ததுபோலத் தனக்கும் தரும் என்று கருதியே. நேற்று எம்மைத் தாங்கிய பாலம் இன்றும் தாங்கும் என்ற துணிவிலேதான் அதன்மேற் காலை வைக்கின்றோம். நாம் கண்டது சிறிது, கருதிக்கொண்டது பெரிது. அப்படியாயின், கண்டதிலிருந்து காணாததற்குச் செல்லும் உரிமையை எமக்குத் தந்தது எது?

கேட்பதற்கு எளிய கேள்வி. ஆயின், கிழக்கிலும் மேற்கிலும் தத்துவ ஞானிகளின் உறக்கத்தைக் கெடுத்த கேள்விகளுள் இதனைப்போல் வேறொன்று இருப்பது அரிது. இதனை ஆராய்வது வெறும் பண்டிதர் விளையாட்டும் அன்று. நோயைத் தீர்க்கும் அறிவும், அயலவனைப் பழிக்கும் அவதூறும் ஒரே வாயிலின் வழியாகவே எம்முள்ளே நுழைகின்றன. அந்த வாயில் எது, அதனைக் காப்பது எவ்வாறு என்பதைச் சிறிது நோக்குவோம்.

கருதல் என்னும் அளவை

அறிவை அளந்து தருவதை எம் முன்னோர் ‘அளவை’ என்றனர். வடமொழியாளர் அதனைப் பிரமாணம் என்பர். மணிமேகலை வஞ்சி நகரிலே பல சமயத்தவரையும் கண்டு அவரவர் கொள்கைகளைக் கேட்கும் இடத்தில், அளவைகளை வியாசர் பத்தென்றும், கிருதகோடி எட்டென்றும், சைமினி ஆறென்றும் கொண்டதாகச் சாத்தனார் கூறுகின்றார். பின்னர்க் காஞ்சியிலே அறவண அடிகள் அவளுக்குப் பௌத்த தருக்கத்தைப் போதிக்கும்போது, காண்டல், கருதல் என்ற இரண்டுமே அளவை என்று சுருக்கிவிடுகின்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே சிவஞான சித்தியார் இயற்றிய அருணந்தி சிவாசாரியர் பிற அளவைகளையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குவார். எண்ணிக்கையில் எத்துணை வேறுபாடு இருப்பினும், கருதலை, அதாவது அனுமானத்தை, இவர்களுள் எவரும் விலக்கினாரல்லர்.

அனுமானம் எவ்வாறு அமையும்? அறவண அடிகள் காட்டும் உதாரணம், இன்றும் தருக்க மாணவர் முதன்முதற் கற்பதேயாகும். இந்த மலை நெருப்புடையது என்பது நிலைநாட்டவேண்டிய கூற்று. அது பக்கம் எனப்படும். புகையுடைமையால் என்பது ஏது. அடுக்களையைப்போல என்பது திட்டாந்தம். இம்மலையும் அவ்வாறே புகையுடையது என்று பொருத்துவது உபநயம். ஆகவே நெருப்புடையது என்று முடிப்பது நிகமனம். ஐந்து உறுப்புக்களும் அழகாகவே அமைந்திருக்கின்றன. ஆயினும் கட்டடம் முழுவதையும் தாங்குவது ஒரே தூண்தான். எங்கே புகை உண்டோ அங்கே நெருப்பு உண்டு என்ற நீங்காத் தொடர்பே அத்தூண். இதனை வியாப்தி என்பர். அடுக்களையிலே அத்தொடர்பைக் கண்டோம். ஆனால் ‘எங்கும்’ என்ற சொல்லை அடுக்களை எமக்குத் தரவில்லையே! ஓர் அடுக்களைக்கும் உலகம் முழுவதற்கும் இடையே உள்ள தூரத்தை எதைக்கொண்டு கடப்பது?

உலகாயதன் இட்ட தடை

இந்தத் தூணைத்தான் உலகாயதன் அசைத்துப் பார்த்தான். கண்ணாற் கண்டதே அறிவு. கருதியது அறிவன்று என்பது அவன் கொள்கை. அவனுடைய நூல்கள் பெரும்பாலும் அழிந்தொழிந்தன. அவனை மறுக்கப் புகுந்தவர்கள் தம் நூல்களில் எடுத்தாண்டவற்றாலேயே அவன் குரலை இன்று கேட்கின்றோம். சித்தியாரின் பரபக்கமும் உலகாயதன் மதத்தைக் கூறி மறுப்பதிலேயே தொடங்குகின்றது. பதினான்காம் நூற்றாண்டில் மாதவர் தொகுத்த சர்வதரிசன சங்கிரகத்தில் அவன் வாதம் தெளிவாகக் காணப்படுகின்றது.

அவன் கேட்பது இது: அந்த நீங்காத் தொடர்பை நீ எதனால் அறிந்தாய்? காண்டலினாலா? காண்டல் இப்போது இங்கே உள்ளதை மாத்திரம் காட்டும். சென்ற காலத்துப் புகையையும் வருங்காலத்துப் புகையையும் அது காட்டாது. அனுமானத்தினாலா? அந்த அனுமானத்துக்கு வேறொரு தொடர்பு வேண்டும். அதற்கு இன்னோர் அனுமானம் வேண்டும். இவ்வாறே முடிவின்றிச் செல்லும். பிறர் சொல்லினாலா? அவர் சொல் நம்பத்தக்கது என்பதும் அனுமானமன்றோ? எந்தக் கதவைத் தட்டினாலும் அவன் முன்னே வந்து நிற்கின்றான்.

உலகாயதனைப் போகப் பிரியன் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவன் கேள்வி அவன் நடத்தையைப் பொறுத்ததன்று. இதனை நியாய மதத்தினர் நன்கு உணர்ந்திருந்தனர். கௌதமருடைய நியாய சூத்திரத்திலேயே ஒரு தடை எழுப்பப்படுகின்றது. ஆறு பெருகுவதைக் கண்டு மேலே மழை பெய்தது என்கின்றோம். அணையிட்டுத் தடுத்தாலும் ஆறு பெருகுமே! எறும்பு முட்டையைச் சுமந்து செல்வதைக் கண்டு மழை வரும் என்கின்றோம். புற்றைச் சிதைத்தாலும் எறும்பு முட்டையைச் சுமக்குமே! மயில் அகவும் ஒலி கேட்டு மயில் உண்டு என்கின்றோம். மனிதனும் அவ்வாறு ஒலி செய்யக்கூடுமே!

இதற்கு நியாய ஆசிரியர் தரும் விடை கருதத்தக்கது. தவறியது அனுமானம் அன்று. அனுமானித்தவன் என்கின்றார் அவர். மழையாற் பெருகிய ஆறு விரைந்தோடும். நுரையும் இலையும் காயும் கட்டையும் அடித்துக்கொண்டு வரும். அணையிட்டதனால் ஏறிய நீர் அவ்வாறு வாராது. நீர் ஏறியது என்ற ஒன்றை மாத்திரம் கண்டவன் ஏதுவை அரைகுறையாகக் கண்டவனாவான். நன்றாகப் பார், பின்பு கருது என்பதே அவ்விடையின் சாரம். உலகாயதன் கேட்ட முழுக் கேள்விக்கும் இது விடையாகாது. ஆயினும் விடை எந்தத் திசையில் இருக்கின்றது என்பதை இது காட்டிவிடுகின்றது.

கழுதையும் கணிகையும்

தமிழ் வாசகர்கள் பெருமைப்படத்தக்க ஓரிடம் இப்பொழுது வருகின்றது. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையைக் கதைச்சுவைக்காகப் படிப்போர் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுவர். அங்கே கதை இல்லை, தருக்கமே உண்டு. ஆயின் அத்தருக்கத்தின் நடுவே சாத்தனார் ஒரு பகிடியை வைத்திருக்கின்றார்.

ஒருவன் ஒரு காலத்தில் ஓரிடத்திலே கழுதையையும் கணிகையையும் ஒருங்கே கண்டான். பின்னொரு நாள் கழுதையை மாத்திரம் கண்டான். இரண்டும் சேர்ந்து நிற்கக் கண்டதே போதுமானால், அவன் இங்கே கணிகையும் உண்டு என்று துணியவேண்டும். அது பொருந்துமா? பொருந்தாது. அவ்வாறே, நாய்வால் இல்லாத கழுதையின் பிடரியிலே நரிவாலும் இல்லை என்று கண்ட ஒருவன், வேறோரிடத்தில் நரிவாலைக் கண்டவுடன் அங்கே நாய்வாலும் உண்டு என்று முடிவு செய்யலாமா? அதுவும் ஆகாது.

நகைப்புக்குரிய இந்த இரு உதாரணங்களும் ஆழமான ஓர் உண்மையைத் தாங்கி நிற்கின்றன. உடன் இருத்தல் வேறு. ஒன்றினால் ஒன்று உண்டாதல் வேறு. இரண்டு பொருள்கள் சேர்ந்து காணப்படுவது அன்னுவயம். ஒன்று இல்லாதவிடத்து மற்றதும் இல்லாதிருப்பது வெதிரேகம். இவை இரண்டும் மேலோட்டமாகப் பொருந்திவிட்டாலும், காரண காரியத் தொடர்பு இல்லையேல் அனுமானம் நில்லாது. புகை நெருப்பைச் சாதிப்பது ஏன்? மேல்நோக்கி எழுந்து கறுத்துச் சுருளும் அதன் இயல்பு நெருப்பினின்றும் வந்தமையால். கழுதையின் இயல்பில் எதுவும் கணிகையினின்றும் வரவில்லை. டேவிட் ஹியூம் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட தமிழ்க் காவியம் ஒன்றிலே, இன்றைய புள்ளிவிவர ஆசிரியர் தம் மாணவருக்கு முதலிற் செய்யும் எச்சரிக்கை இவ்வாறு இடம்பெற்றிருக்கின்றது.

ஹியூம் கேட்டது

எனினும், காரண காரியத் தொடர்பு என்றோமே, அதனை யாராவது கண்டதுண்டா? இவ்வாறு கேட்டவர் ஸ்கொட்லாந்து தேசத்து டேவிட் ஹியூம். எடின்பரோ நகரில் 1711 இல் பிறந்த இவர், தம் இருபத்தேழாம் வயதிலே, 1739 இல், மனித இயல்பு பற்றிய பெருநூலின் முதற் பகுதிகளைத் தம் பெயரிடாமல் வெளியிட்டார். அந்நூல் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. அதன் கருத்தைச் சுருக்கித் தெளிவாக்கி 1748 இல் மற்றொரு நூலாக்கினார். ஐரோப்பியத் தத்துவத்தைத் திசைதிருப்பிய கேள்வி அதிலே இருக்கின்றது.

பிலியட்ஸ் மேசையிலே ஒரு பந்து உருண்டு சென்று மற்றொன்றை முட்டுகின்றது, இரண்டாவது நகர்கின்றது. நாம் காண்பவை எவை? முதற் பந்தின் அசைவு, முட்டல், இரண்டாவது பந்தின் அசைவு. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நிகழ்ச்சிகள். முதலாவது இரண்டாவதை அசையச் செய்தது என்கின்றோமே, அந்தச் ‘செய்தது’ என்பதை எந்தக் கண் கண்டது? சிந்தித்து அறியக்கூடியதா என்றால், அதுவும் அன்று. பேரறிவு படைத்த ஆதாம் முதன்முதல் நீரைக் கண்டபோது, அதன் தெளிவையும் நெகிழ்ச்சியையும் வைத்து, இது மூச்சடைத்துக் கொல்லும் என்று அறிந்திருக்க முடியாது என்பார் ஹியூம். அனுபவமே அதனைக் கற்பிக்கவேண்டும்.

அனுபவம் எதைக் கற்பிக்கின்றது? இதுவரை உண்ட பாண் எம்மைப் போஷித்தது என்பதைக் கற்பிக்கின்றது. நாளை உண்ணும் பாணும் போஷிக்கும் என்று சொல்ல, இயற்கை என்றும் ஒரே தன்மையாய் நடக்கும் என்ற எடுகோள் வேண்டும். அந்த எடுகோளை எப்படி நிறுவுவது? இதுவரை அப்படியே நடந்தது என்று காட்டினால், இதுவரை நடந்ததிலிருந்து இனி நடப்பதை அனுமானிக்கின்றோம். எதனை நிறுவவேண்டுமோ அதனையே துணைக்கு அழைத்தவராகின்றோம். முடிவில் ஹியூம் சொன்னார்: எம்மை இவ்வாறு நடத்துவது நியாயம் அன்று, பழக்கம். அடுத்தடுத்துக் கண்டதனால் மனம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானாகவே செல்கின்றது. அவ்வளவே.

பழக்கத்தை நம்பலாமா? 1912 இல் பேர்ட்ரண்ட் றஸல் ஓர் உதாரணம் தந்தார். கோழி ஒன்றுக்கு ஒருவன் நாள்தோறும் தீனி போடுகின்றான். அவனைக் கண்டாலே தீனி வரும் என்று கோழி எதிர்பார்க்கப் பழகிவிடுகின்றது. கடைசி நாளில் அதே கை வந்து கழுத்தைத் திருகுகின்றது. அந்தக் கோழியின் பழக்கத்துக்கும் எங்கள் பழக்கத்துக்கும் என்ன வேற்றுமை?

ஜேர்மானிய ஞானி இம்மானுவேல் கான்ற், தம்மை நெடுந்துயிலிலிருந்து எழுப்பியவர் ஹியூமே என்று 1783 இல் எழுதினார். காரண காரியம் என்பது அனுபவத்திலிருந்து நாம் பொறுக்கி எடுத்ததன்று. அனுபவம் என்ற ஒன்று உண்டாவதற்கே மனம் முன்கூட்டி இட்டுவைத்த ஒழுங்கு அது என்பது அவர் விடை. பெரிய விடைதான். ஆயினும், ஒவ்வொரு காரியத்துக்கும் ஏதோ ஒரு காரணம் உண்டு என்பதை அவர் நிலைநிறுத்திவிட்டார் என்றே கொண்டாலும், இந்தக் காய்ச்சலுக்கு இதுதான் காரணம் என்பதை அவ்வாதம் சொல்லாது. அதைச் சொல்ல மீண்டும் அனுபவத்தையே நாடவேண்டும். நாடினால், மீண்டும் ஹியூமின் கேள்வி.

ஐயத்துக்கு ஓர் எல்லை

உலகாயதனுக்கும் ஹியூமுக்கும் பொதுவான இந்த ஐயத்தைப் பத்தாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த நியாய ஆசிரியர் உதயனர் நேர்முகமாக எதிர்கொண்டார். நியாயகுசுமாஞ்சலி என்பது அவர் நூல். அவர் சொல்வது இதுவாகும்: வேறு காலத்தில், வேறு தேசத்தில் இத்தொடர்பு தவறக்கூடுமே என்று ஐயுறுகின்றாய். நீ காணாத அந்தக் காலமும் தேசமும் உண்டு என்று எவ்வாறு அறிந்தாய்? கருதலினால் அன்றோ? ஆகவே ஐயுறுவதற்கே உனக்கு அனுமானம் வேண்டியிருக்கின்றது. ஐயம் இல்லையாயின் அனுமானத்துக்குத் தடையே இல்லை. ஐயம் எதுவரை செல்லலாம்? உன் சொல்லும் செயலும் முரண்படும் எல்லைவரை செல்லலாம். அதற்கு அப்பாற் செல்லாது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் என்ற பேரறிஞர், உதயனரின் செய்யுளிலேயே சில சொற்களை மாற்றி அதனை அவருக்கு எதிராகவே திருப்பினார். முரண்பாடு உண்டு என்றால் அங்கே ஐயமும் உண்டு என்றுதானே பொருள். அம்முரண்பாடு ஐயத்துக்கு எப்படி எல்லையாகும் என்று கேட்டார். பதினான்காம் நூற்றாண்டளவில் கங்கேசர் அதற்கு மறுமொழி கூறினார். புகைக்கு நெருப்புக் காரணமோ அன்றோ என்று உண்மையாகவே ஐயுறுபவன், புகை வேண்டியபோதெல்லாம் நெருப்பையே நாடுவதேன்? பசித்தபோது உணவையே தேடுவதேன்? தன் கருத்தைப் பிறர் அறியவேண்டிச் சொல்லையே வழங்குவதேன்? அவன் வாய் ஐயுறுகின்றது; கை ஐயுறவில்லை.

ஹியூமும் இதனை அறியாதவரல்லர். ஆராய்ச்சி அறையில் ஐயங்கள் தம்மைச் சூழ்ந்து வருத்தும்போது, நண்பருடன் உண்டு, உரையாடி, காயுருட்டி விளையாடினால் அவை கரைந்துபோகின்றன என்று அவரே எழுதியிருக்கின்றார். ஆயின் வேற்றுமை ஒன்று உண்டு. ஹியூமுக்கு வாழ்க்கை ஐயத்தை மறக்கச் செய்யும் மருந்து. கங்கேசருக்கோ வாழ்க்கையே ஐயத்தின் நேர்மையைச் சோதிக்கும் உரைகல். எந்த ஐயம் ஒருவன் நடத்தையில் ஒரு மாற்றமும் விளைக்காதோ அந்த ஐயம் வெறும் சொல் என்று கொள்வோமாயின், பொருளுள்ள ஐயங்கள் எவை என்பது தானே விளங்கும். மழைவெள்ளமா, அணைவெள்ளமா என்பது பொருளுள்ள ஐயம். அதற்கு விடை தேடலாம்; நுரையும் கட்டையும் வருகின்றனவா என்று போய்ப் பார்க்கலாம்.

நியாய நூலார் தேடுமாறு பணித்த மற்றொன்று உபாதி. நெருப்புள்ள இடத்தில் எல்லாம் புகை உண்டு என்று ஒருவன் சொன்னால், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டை அவனுக்குக் காட்டவேண்டும். அங்கே நெருப்பு உண்டு, புகை இல்லை. புகைக்கு ஈர விறகும் வேண்டும். வெளியே தெரியாமல் உடனிருந்து வேலை செய்யும் அந்த ஈர விறகே உபாதி. கண்ட இரண்டுக்கும் இடையே காணாத மூன்றாவது ஒன்று நிற்கின்றதா என்று தேடுவதே அறிவாளியின் கடமை.

வியன்னா வைத்தியசாலையிலே

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று கருதுவோர், வியன்னா நகரப் பொது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அங்கே மகப்பேற்று விடுதிகள் இரண்டு இருந்தன. முதலாம் விடுதியிலே வைத்திய மாணவரும், இரண்டாம் விடுதியிலே மருத்துவிச்சிகளும் பயின்றனர். 1846 இல் முதலாம் விடுதியிற் பிள்ளை பெற்ற தாய்மாருள் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் பிரசவக் காய்ச்சலால் இறந்தனர். அடுத்திருந்த இரண்டாம் விடுதியிலோ அத்தொகை 3 இற்கும் குறைவு. ஒரே நகரம், ஒரே காற்று, ஒரே வானம். காரணம் யாது?

அவ்விடுதியில் உதவி வைத்தியராயிருந்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளைஞர் ஒவ்வொரு காரணமாக எடுத்துச் சோதித்தார். மரணத்தறுவாயில் இருப்போருக்குத் திருவருட்சாதனம் கொடுக்கச் செல்லும் குருவானவர் முதலாம் விடுதியினூடே மணியொலியுடன் நடந்து செல்வார். அவ்வொலி தாய்மாரைக் கலக்கிக் கொல்கின்றது என்று ஒரு கருத்து இருந்தது. மணியை நிறுத்தி, வேறு வழியாற் செல்லுமாறு செய்தார். சாவு குறையவில்லை. ஒரு விடுதியில் மல்லாந்தும் மற்றதில் ஒருக்களித்தும் படுத்துப் பிள்ளை பெற்றனர். அதனையும் மாற்றிப் பார்த்தார். சாவு குறையவில்லை. மணியும் சாவும் உடனிருந்தன என்பது மெய். கழுதையும் கணிகையும்போல் உடனிருந்தன என்பதே அதன் பொருள்.

1847 இல் அவருடைய நண்பரான வைத்தியர் ஒருவர், பிரேதபரிசோதனை வேளையில் மாணவன் ஒருவனின் கத்தி கையிற் பட்டு, பிரசவக் காய்ச்சலின் குறிகளையொத்த குறிகளுடன் இறந்தார். செம்மல்வைஸ் உள்ளத்தில் ஒளி பிறந்தது. முதலாம் விடுதி மாணவர் பிரேதங்களை அறுத்த கையுடனே தாய்மாரிடம் வருகின்றனர்; மருத்துவிச்சிகள் பிரேதத்தைத் தொடுவதில்லை. அவ்வாண்டு மே மாதம் முதல், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவியே உள்ளே செல்லவேண்டும் என்று விதித்தார். 1848 இல் முதலாம் விடுதியின் சாவு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தாழ்ந்தது. பின்னர், உயிருள்ள நோயாளியின் அழுகிய புண்ணிலிருந்தும் நஞ்சு பரவக் கண்டு, பிரேதம் மாத்திரமே காரணம் என்ற தம் முதற் கூற்றையும் அவர் விரித்துக்கொண்டார்.

அவர் ஹியூமுக்கு விடை கூறினாரா? இல்லை. நாளையும் சுண்ணாம்பு நீர் காக்கும் என்பதற்கு அவரிடம் தருக்க முறையான சாசனம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் மணியோசைக்கும் பிரேதநஞ்சுக்கும் இடையே உள்ள வேற்றுமையை அவர் கண்டறிந்தார். அந்த வேற்றுமையிலே ஆயிரக்கணக்கான தாய்மாரின் உயிர் தங்கியிருந்தது. அக்காலத்து வைத்தியர் பலர் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதும், 1865 இல் மனநோய் விடுதி ஒன்றிலே அவர் மரணமடைந்தார் என்பதும் விஞ்ஞான சரித்திரத்தின் துயரமான பக்கங்கள்.

இரண்டு கோள்கள்

நல்ல அனுமானமும் தவறக்கூடும் என்பதற்கு வானத்திலே ஒரு சான்று உண்டு. யுரேனஸ் என்ற கோள் கணித்த பாதையிலிருந்து சிறிது விலகிச் செல்வதைக் கண்ட பிரெஞ்சு வானசாத்திரி லெவெரியே, அதற்கு அப்பால் அறியப்படாத வேறொரு கோள் நின்று அதனை இழுக்கின்றது என்று கணித்து, அது நிற்கும் இடத்தையும் குறித்துப் பெர்லின் வானாராய்ச்சி நிலையத்துக்கு எழுதினார். 1846 செப்ரெம்பர் 23 ஆம் திகதி இரவு, கால்லே என்பவர் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தபோது, குறித்த இடத்துக்கு ஒரு பாகைக்குள்ளே நெப்ரியூன் நின்றது. காணாததைக் கருத்தாற் காணும் மனித ஆற்றலுக்கு இதனினும் சிறந்த வெற்றி வேறு என்ன?

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. புதன் என்ற கோளின் பாதையிலும் ஒரு சிறு விலகல் காணப்பட்டது. 1859 இல் அதே லெவெரியே அதே முறையிற் கருதினார்: சூரியனுக்கு அண்மையிலே மற்றொரு கோள் இருக்கவேண்டும். அதற்கு வல்கன் என்று பெயரும் இடப்பட்டது. கண்டோம் என்றவர்களும் உளர். ஆனால் வல்கன் இல்லை. 1877 இல் இறக்கும்வரை லெவெரியே அந்த நம்பிக்கையைக் கைவிடவில்லை. புதனின் பாதையில் ஒரு நூற்றாண்டுக்கு 43 விகலை அளவான அந்த விலகலுக்கு 1915 இல் ஐன்ஸ்ரைன் விளக்கம் தந்தார். பிழை வானத்தில் இருக்கவில்லை. எல்லாரும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருந்த ஈர்ப்பு விதியிலே இருந்தது. ஒரே அறிஞர், ஒரே அனுமான முறை. ஒருமுறை கோளைத் தந்தது, மறுமுறை மாயையைத் தந்தது.

இதனாலேதான் வியன்னாவிற் பிறந்த கார்ல் பொப்பர், 1934 இல் வெளியான தமது நூலிலே, வெள்ளை அன்னங்களை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை; கரிய அன்னத்தைத் தேடுங்கள் என்ற கருத்தை முன்வைத்தார். அன்னம் யாவும் வெண்மை என்று ஐரோப்பியர் பல நூற்றாண்டு நம்பியிருந்தனர். 1697 இல் ஒல்லாந்த மாலுமி விளாமிங் என்பவரின் குழுவினர் மேற்கு அவுஸ்திரேலியாவின் நதியொன்றிலே கரிய அன்னங்களைக் கண்டனர். ஆயிரம் வெள்ளை அன்னங்கள் ஒரு கூற்றை மெய்யென்று நிறுவமாட்டா; ஒரு கரிய அன்னம் அதனைப் பொய்யாக்கிவிடும். ஆகவே தன்னைப் பொய்யாக்கக்கூடியது எது என்று முன்கூட்டிச் சொல்லி, அச்சோதனைக்கு அஞ்சாமல் நிற்பதே விஞ்ஞானம் என்றார் அவர். சோதனைகளில் இதுவரை தோலாத கொள்கையை நம்பிப் பாலம் கட்டுவது மட்டும் பழக்கத்தின் வேலையல்லவா என்று ஹியூமின் வழிவந்தோர் அவரையும் கேட்கின்றனர். கேள்வி இன்னும் முடியவில்லை.

மனிதரைப் பற்றிய அனுமானம்

முடியாத கேள்வியால் எமக்கு என்ன பயன்? பயன் உண்டு. கண்டதிலிருந்து காணாததற்குச் செல்லும் பாலத்துக்கு முழு உத்தரவாதம் தருபவர் எவருமில்லை. ஆயினும் அதனைக் கடப்போர் கைக்கொள்ளவேண்டிய ஒழுங்கு ஒன்றை இச்சிந்தனையாளர் எல்லாரும் சேர்ந்து எமக்கு அளித்திருக்கின்றனர். ஏதுவை முழுமையாகக் கண்டாயா? உடனிருப்பதைக் காரணம் என்று மயங்கினாயா? மறைந்து நிற்கும் ஈர விறகைத் தேடினாயா? உன் கூற்றைப் பொய்யாக்கக்கூடிய ஒன்றை நீயே நாடிச் சென்றாயா?

இவ்வொழுங்கை ஆய்வுகூடத்தில் பேணுவோர் பலர், வீதிக்கு வந்தவுடன் அதனைக் கைவிடுவதுதான் வியப்பு. ஓர் ஊரவன் ஒருவன் ஏமாற்றினான். அவ்வூரவர் அனைவரும் அப்படித்தான் என்கின்றோம். ஒரு மொழியினன் ஒருவன் கொடுமை செய்தான்; அம்மொழியினர் யாவரும் கொடியர் என்கின்றோம். ஒரு சாதியைப் பற்றி, ஒரு சமயத்தைப் பற்றி எத்தனை பழிமொழிகள் இவ்வாறு பிறந்து, தந்தையிடமிருந்து மகனுக்குச் சொத்தாக இறங்கி வந்திருக்கின்றன! இத்தீவின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தவர்களுக்கு அவற்றின் விலை என்ன என்பதை எடுத்துரைக்கவேண்டுவதில்லை. அங்கே எண்ணிக்கை பார்ப்பதில்லை, எதிர்ச்சான்று தேடுவதில்லை. கரிய அன்னம் எதிரே வந்து நின்றாலும், இது விதிவிலக்கு என்று சொல்லி விரட்டிவிடுகின்றோம்.

பொருள்களைப் பற்றிய அனுமானத்துக்கும் மனிதரைப் பற்றிய அனுமானத்துக்கும் மற்றுமொரு வேற்றுமை உண்டு. மலையில் நெருப்பு உண்டு என்று நாம் தவறாகக் கருதினால், அக்கருத்தினால் அங்கே நெருப்புப் பிறந்துவிடாது. மனிதர் விஷயம் அத்தன்மையதன்று. ஓர் இளைஞனைக் கள்வன் குலத்தவன் என்று ஊரெல்லாம் கருதி, வேலை கொடாது கதவடைத்தால், ஒருநாள் அவன் பசியினால் திருடவும் கூடும். அன்று ஊரார், நாம் சொன்னது சரியாயிற்று என்பார்கள். அவர்களுடைய அனுமானமே அங்கே ஈர விறகாக இருந்து புகையை எழுப்பியது என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். இவ்வகை அனுமானத்தில் உபாதியை வெளியே தேடினால் அகப்படாது. அனுமானிப்பவனின் உள்ளத்திலேயே தேடவேண்டும்.

ஆகையால், புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவதை யாரும் விடவேண்டியதில்லை. விட்டால் உயிர்வாழ்தல் இயலாது. கருதியதைக் கண்டதாக எண்ணி மயங்காதிருந்தாற் போதும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எம் காவியத்துள் எச்சரிக்கை எழுதிவைக்கப்பட்டிருந்தும், கழுதையைக் கண்டவுடன் கணிகையைத் தேடிப் புறப்படுவோர் தொகை இன்றும் குறைந்தபாடில்லை.